கோடு சாயவே இல்லை!

உள்ளே வாருங்கள், விளக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள்! இடம் அமெரிக்காவின் அரிசோனா, கிட் பீக் மலை. காலம் 1960களின் கடைசி. குவிமாடத்துக்குள் கணப்பும் கிடையாது. சூடான காற்று நெளிந்தால் விண்மீனின் உருவம் கலங்கிவிடும். அந்தக் குளிரில்தான் வானியலாளர்கள் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்தைத் துழாவுகிறார்கள்.

துழாவல்தான், வேறு சொல் இல்லை. அவர்கள் அளக்க வந்த வாயுத் திட்டுகள் தொலைநோக்கியில் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது! பக்கத்தில் தெரிகிற விண்மீனைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து இவ்வளவு தள்ளி என்று கணக்குப் போட்டுக் கருவியைத் திருப்புகிறார்கள். எனக்குப் புல்லரிப்பது இங்கேதான். 25 லட்சம் ஒளியாண்டு கடந்து வந்த மங்கல் ஒளியை ஃபோர்டு உருவாக்கிய நிறமாலைமானி பெருக்கித் தருகிறது. பிறகு சின்னக் கண்ணாடித் தட்டு, இருட்டறை, நுண்ணோக்கி. நிறமாலைக் கோடு எவ்வளவு விலகியிருக்கிறதோ அதை வைத்து வேகம்!

சூரியனைப் புதன் நொடிக்கு 47 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது, நெப்டியூனோ 5 கி.மீ.தான். தள்ளிப் போகப் போக வேகம் குறைகிறது. அப்படியே ஆண்ட்ரோமீடாவிலும் விளிம்புக்குப் போகப் போக வேகம் குறைந்து, வரைபடக் கோடு கீழே சாய வேண்டும். 67 திட்டுகளின் வேகத்தை 1970இல் வெளியிட்டார்கள். சாயவில்லை! 1980இல் இன்னும் 21 சுருள் மண்டலங்கள். அவற்றிலும் சாயவில்லை!

அப்படியானால் கண்ணுக்குப் படாத ஏதோவொன்று, அதாவது கரும்பொருள், இழுத்துப் பிடிக்கிறதா? அல்லது ஈர்ப்பு மிக மெலிந்த இடத்தில் அதன் விதியே மாறுகிறதா? 1983இல் இயற்பியலாளர் மோர்டெஹாய் மில்க்ரோம் இரண்டாவதைச் சொன்னார். அதை லேசாகத் தள்ள எனக்கு மனம் வராது: கண்ணுக்குத் தெரியும் பொருளை மட்டும் வைத்தே தனி மண்டலங்களின் சுழற்சியை அது வியக்கும்படி கணித்துவிடுகிறது. ஆனால் மண்டலக் கொத்துகளிடம் வரும்போது அதற்கும் எடை பற்றவில்லை. புல்லட் கொத்தைப் பாருங்கள். இரண்டு கொத்துகள் மோதியதில் வாயு நடுவே தேங்கிவிட்டது. சாதாரணப் பொருளில் பெரும்பங்கு அந்த வாயுதான். ஆனால் பின்னாலிருந்து வரும் ஒளியை வளைக்கும் ஈர்ப்போ இரு பக்கமும் விலகி நிற்கிறது என்று வானியலாளர்கள் 2006இல் காட்டினார்கள். அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து நான் கரும்பொருள் கட்சி!

இப்போது தெற்கு டகோட்டாவின் பழைய தங்கச் சுரங்கத்துக்குள், ஒன்றரை கி.மீ. ஆழத்துக்கு இறங்குங்கள். 10 டன் திரவ செனான், மேலும் கீழும் ஒளி உணரிகள். கரும்பொருள் துகள் ஒன்று இடித்தால் எழும் துளி வெளிச்சத்துக்காக அவை விழித்திருக்கின்றன. இதுவரை ஒன்றும் சிக்கவில்லை.