சூரிய ஒளியால் நீரிறைத்தலும் குடாநாட்டுக் கிணறுகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் பருவமழை நிலத்துள் இறங்கிச் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலே தங்கி, அடுத்த மாரி வரையும் கிணறுகளில் ஊறுகின்றது. வெங்காயம், மிளகாய், புகையிலை, மரக்கறி ஆகிய தோட்டப்பயிர்கள் யாவும் இந்த ஒரேயொரு சேமிப்பையே நம்பியுள்ளன. ஆகவே, கிணற்றிலிருந்து நீரை எடுக்கும் முறை மாறுந்தோறும் கமக்காரரின் வாழ்க்கையும் மாறிவந்துள்ளது. இப்பொழுது அவ்வாறான மாற்றமொன்று மீண்டும் நிகழ்ந்துகொண்டிருக்கின்றது. மண்ணெண்ணெய் இயந்திரம் இருந்த இடத்திலே சூரிய ஒளியால் இயங்கும் பம்பி வந்து அமர்கின்றது.

முற்காலத்தில் துலாவே இறைப்புக்கருவியாக இருந்தது. ஒருவர் அல்லது இருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னுமாக மிதிக்க, ஒருவர் பட்டையைப் பிடித்து நீரை ஊற்ற, மற்றொருவர் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறுவார். விடியுமுன் தொடங்கும் இவ்வேலைக்கு ஒரு வீட்டாரின் ஆள்வலி போதாது. இன்று ஒரு தோட்டத்தில் இறைத்தவர் நாளை அயலவரின் தோட்டத்தில் இறைப்பார். பங்குக் கிணறுகளில் இன்னாருக்கு இன்ன நாள் என்னும் முறை வகுக்கப்பட்டிருந்தது. உடல் களைத்ததும் இறைப்பு நின்றுவிடும். எனவே தேவைக்கு மேல் ஒரு பட்டை நீரேனும் எவரும் இறைத்ததில்லை.

1950களிலும் 1960களிலும் நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவலாயின. நான்குபேர் செய்த வேலையை ஒருவர் செய்யலாயினர். துலா மிதித்த இளைஞர் பள்ளிக்கூடத்துக்கும் உத்தியோகத்துக்கும் செல்ல வழி பிறந்தது. பயிரிடும் பரப்பும் கூடியது. ஆயினும் இயந்திரத்திற்கும் ஒரு கடிவாளம் இருந்தது. அதுவே எண்ணெய்ச் செலவு. 1990களில் போரின் காரணமாக மண்ணெண்ணெய் அரிதாகியபொழுது கமக்காரர் பட்ட இன்னலை மூத்தோர் மறந்திலர். 2022ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. வெங்காயம் நட்டவர் இறைப்புக்கூலியைக் கணக்கிட்டுத் திகைத்தனர். சூரியப் பம்பியின்பால் பலருடைய கவனமும் திரும்பியமைக்கு அவ்விலையேற்றமும் ஒரு காரணமாகும்.

இக்கருவியின் அமைப்பு எளிது. தகடுகளின்மேல் ஒளி விழும்பொழுது மின்சாரம் உண்டாகின்றது. அது கட்டுப்பாட்டுப் பெட்டியூடாகப் பம்பியைச் சென்றடைகின்றது. எண்ணெய் வேண்டியதில்லை, இழுத்து உயிர்ப்பிக்கும் கயிறும் இல்லை, புகையும் இல்லை. முதலீடு பெரிது, நாளாந்தச் செலவோ ஏறக்குறைய இல்லை எனலாம். நன்கு பேணப்படும் தகடு 25 ஆண்டுகள் வரை பயன்தரும். பம்பியும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் அதற்கு முன்னரே மாற்றப்பட வேண்டிவரும். ஊரிலுள்ள இயந்திரத் திருத்துநர் மண்ணெண்ணெய் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டுவதில் வல்லவராயினும் இப்பெட்டியைத் திறக்கத் தயங்குவார். ஆதலால் விலை பேசுமுன், பழுதுபார்ப்பவர் எங்கேயிருந்து வருவார், எத்தனை நாளில் வருவார் என்பதைக் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்வது புத்தி. வெங்காயப் பயிர் ஒரு கிழமைக்குத் திருத்துநரைக் காத்திராது.

குடாநாட்டில் தகடுகளைத் தெற்கு நோக்கி, ஏறக்குறைய 10 பாகை சரிவில் நிறுத்தல் வேண்டும். ஒரு பனையின் நிழல் தகட்டின் ஒரு மூலையில் விழுந்தாலும் முழுவரிசையின் வலுவும் குன்றும். காகத்தின் எச்சமும் செம்மண் புழுதியும் அவ்வாறே கேடு செய்யும். காலைவேளையில் நீர் விட்டுத் துடைத்தல் நன்று.

இனிக் கவனிக்க வேண்டிய முக்கிய விடயத்துக்கு வருவோம். ஒரு கிலோவாற்று வலுவுடைய தகடுகள் வெயில் நாளொன்றில் சுமார் 4 அலகு மின்சாரம் தரும். குழாயில் ஏற்படும் தடை உட்பட 10 மீற்றர் உயரத்துக்கு நீரை ஏற்றுவதாயின், அம்மின்சாரத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50,000 லீற்றர் இறைக்கலாம். அரை ஏக்கர், அதாவது 8 பரப்புத் தோட்டத்தில் நிற்கும் பயிர் கடும் வெயிற்காலத்தில் நாளொன்றுக்கு 6 மில்லிமீற்றர் நீரை உறிஞ்சுவதாகக் கொண்டால், அதன் தேவை சுமார் 12,000 லீற்றர். வாய்க்காலில் கசிவதையும் சேர்த்து 16,000 எனக் கொள்வோம். பம்பியோ அதனைப்போல் மும்மடங்கு இறைக்க வல்லது. உடற்களைப்பும் எண்ணெய்ச் செலவும் முன்னே இட்ட கடிவாளம் இப்பொழுது இல்லை. மாலையில் வெயில் தாழும் வரை பம்பி ஓடிக்கொண்டேயிருக்கும். நிறுத்துவதற்கு எவருக்கும் காரணம் தோன்றாது.

இதனால் வரும் கேடு கண்ணுக்குத் தெரியாத இடத்திலே தொடங்குகின்றது. குடாநாட்டின் நன்னீர் பாறையினுள்ளே கடல்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கின்றது. நன்னீரின் அடர்த்தியை 1.000 எனக் கொண்டால் கடல்நீரின் அடர்த்தி 1.025 ஆகும். இவ்வேற்றுமை காரணமாக, கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் அதன்கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். இவ்விதியின் மறுபக்கமே அஞ்சத்தக்கது. இடைவிடாத இறைப்பினால் கிணற்று நீர்மட்டம் ஓரடி தாழ்ந்து அந்நிலையிலேயே நிற்குமாயின், கீழேயுள்ள உவர்நீர் காலப்போக்கில் 40 அடி வரை மேலெழ இடமுண்டு. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருப்பதை யாவரும் அறிவர். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றின் கீழும் நிலைமை அதுவே. நீர் குறைந்துவிட்டதென்று கிணற்றை ஆழமாக்குவதும் குழாய்க்கிணறு இறக்குவதும் உவரை நாடிச் செல்வதாக முடியலாம்.

நீர் உவர்த்துவிட்டதை நாக்கால் அறியலாமென்று சிலர் நம்புவர். லீற்றருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை குளோரைட்டு சேர்ந்த பின்னரே நாக்கு அதனை உணரும். வெங்காயமோ நாக்கினும் நுண்ணியது. பாசன நீரின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 0.8 தெசிசீமென்சைத் தாண்டியதும் அதன் விளைச்சல் குறையத் தொடங்கும்; 3 அளவை நெருங்கும்பொழுது விளைச்சல் பாதியாகிவிடும். போஞ்சி அதனினும் மென்மையானது. மிளகாய் 1.0 வரை தாங்கும். பீற்றூட் 2.7 வரை தாங்குமாதலால் உவர் தட்டிய தோட்டங்களுக்கு உகந்தது. புகையிலை உயிர்வாழுமாயினும் குளோரைட்டு ஏறிய இலை நன்றாக எரியாது, விலையும் போகாது.

மிகை இறைப்பினால் மற்றொரு தீங்கும் உண்டு. செம்மண் நீரை விரைவாக உள்ளிழுக்கும் இயல்பினது. வேருக்குக் கீழே இறங்கும் நீர், இட்ட யூரியாவையும் நைத்திரேற்றாகக் கரைத்துக்கொண்டு மீண்டும் கிணற்றையே அடைகின்றது. தோட்டக்கிணறும் வீட்டுக்கிணறும் ஒரே பாறையின் நீரையே பெறுகின்றன. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. அதற்கு மேற்படின், புட்டிப்பால் அருந்தும் கைக்குழந்தைகளின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கும் நோய் உண்டாகலாம். கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று நீங்காது. பசளைக்குக் கொடுத்த பணமும் வீண், குழந்தையின் நீரும் கெட்டது.

இவற்றைக் கேட்டுச் சூரியப் பம்பி வேண்டாமென்று ஒதுக்குவது தவறு. இரண்டங்குலக் குழாயுடைய எண்ணெய் இயந்திரம் ஒரு மணித்தியாலத்தில் கிணற்றை வற்றவடிக்கும். அந்த வேகமே கீழுள்ள உவரை மேலிழுப்பது. சிறிய சூரியப் பம்பி அதே நீரைப் பகல் முழுவதும் மெல்ல எடுக்குமாதலால், அளவறிந்து பயன்படுத்துவோருக்குப் பழைய இயந்திரத்தினும் இதுவே பாதுகாப்பானது. ஆகவே தோட்டத்துக்குத் தக்க சிறிய பம்பியையே வாங்குதல் வேண்டும். மேலே கண்ட அரை ஏக்கருக்கு ஒரு கிலோவாற்றும் மிகையே. விற்பவர் பெரியதையே புகழ்வார்.

பம்பி மிகுதியாக இறைக்கும் நேரம் முற்பகல் பத்து மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை. பயிருக்கு நீர் விடத் தகாத நேரமும் அதுவே. எனவே ஒரு தொட்டி கட்டிப் பகலில் நிரப்பி, மாலையில் சொட்டு நீர்ப்பாசனமாகவோ தூவல் நீர்ப்பாசனமாகவோ விடுவது சிறந்தது. தொட்டி நிரம்பியதும் பம்பி தானாக நிற்கும்படி மிதவையொன்றைப் பொருத்திவிட்டால், இழந்த கடிவாளம் திரும்பவும் கிடைத்துவிடும். பங்குக் கிணறுகளில் தொட்டியின் தேவை இன்னும் பெரிது. முன்னர் விடியற்காலையென்றும் மாலையென்றும் முறை பிரித்தவர்கள் இப்பொழுது நால்வரும் அதே நண்பகலை வேண்டுவர். வழக்குக்கும் வேலிச்சண்டைக்கும் இது இடமளிக்குமுன், பங்காளர் கூடி ஒரே பம்பியையும் பொதுத்தொட்டியையும் அமைத்து, நாட்கணக்கை விட்டு லீற்றர்க் கணக்கில் முறை வகுத்துக்கொள்ளலாம்.

இந்தியாவின் குசராத்து மாநிலத்தில், கேடா மாவட்டத்திலுள்ள துண்டி என்னும் சிற்றூரில் வேறொரு வழி கையாளப்பட்டது. அங்குள்ள கமக்காரர், சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகத்தின் துணையுடன் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, இறைப்புக்குப் போக எஞ்சிய சூரிய மின்சாரத்தை 2016ஆம் ஆண்டு முதல் மின்விநியோகக் கம்பனிக்கு விற்கலாயினர். வீணே இறைக்கும் நீர் விற்கக்கூடிய மின்சாரத்தைக் குறைக்குமாதலால், பம்பியை நிறுத்துவதற்கு அவர்களுக்குக் காரணம் உண்டாயிற்று. மின்கம்பி அண்மையிலுள்ள இடங்களில் இங்கும் எண்ணிப் பார்க்கத்தக்க வழி இது.

நெற்செய்கையாளர் இதில் தமக்குத் தொடர்பில்லையெனக் கருதலாகாது. மாரியில் மழைநீரைத் தேக்குவன வயல்வரம்புகளும் ஊர்க்குளங்களுமே. வரம்பை உயர்த்திக் கட்டிய வயலிலிருந்து இறங்கும் நீரே சித்திரையில் அயலவரின் வெங்காயத்துக்கு ஊறி வருவது.

பம்பி பூட்டியவர்கள் முதலில் 200 லீற்றர்ப் பீப்பாயொன்றை வைத்து அது நிரம்பும் நேரத்தைக் குறித்தல் வேண்டும். இரண்டு நிமிடத்தில் நிரம்பினால் மணித்தியாலத்துக்கு 6,000 லீற்றர். மேற்கூறிய 8 பரப்புக்கு இரண்டே முக்கால் மணித்தியாலம் போதும். இறைத்த மறுநாள் பாத்தியில் ஒன்றரை அடி ஆழத்துக்குத் தோண்டிப் பார்க்குக. வெங்காய வேர் எட்டாத அந்த ஆழத்தில் மண் சேறாக இருப்பின் நேரத்தைக் குறைக்கலாம். கிணற்று நீரைத் தை மாதத்தில் ஒருமுறையும் ஆவணியில் மறுமுறையும் சுத்தமான போத்தலில் எடுத்து, கிணறு இருக்கும் இடத்தையும் திகதியையும் எழுதி ஒட்டி, பரிசோதிப்பதற்காகப் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் ஒப்படைக்கலாம். ஆவணி அளவு தை அளவிலும் மிக உயர்ந்திருப்பின், அடுத்த போகத்துக்கு வெங்காயப் பரப்பைக் குறைப்பது பற்றி நடுகைக்கு முன்னரே அவருடன் கலந்து பேசுதல் நன்று.