கைப்பிடியில்லாத மாடிப்படிகள்

2019 தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, அக்டோபர் 25 மாலை, திருச்சி மாவட்டம் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் வீட்டையொட்டி விளையாடிக்கொண்டிருந்த இரண்டு வயதுக் குழந்தை, கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றுக்குள் விழுந்தது. தமிழ்நாடே தொலைக்காட்சி முன்னால் கண்விழித்துக் கிடந்தது. 29-ம் தேதி அதிகாலையில் உடல்தான் மேலே வந்தது.

அந்தக் குழியை மூட வழி சொல்ல ஆளில்லாமல் இல்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 2010-ல், உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருந்தது: கிணறு தோண்டப் பதினைந்து நாள் முன்பு எழுத்து மூலம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், தோண்டும் இடத்தைச் சுற்றி வேலியும் எச்சரிக்கைப் பலகையும் வேண்டும், குழாய் வாயை இரும்புத் தகட்டால் மூட வேண்டும், கைவிட்ட கிணற்றை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கல் கொண்டு நிரப்ப வேண்டும். தமிழ்நாடும் 2015-ல் ஊராட்சிகளுக்குத் தனி விதிகள் வகுத்தது.

ஆழ்துளைக் கிணற்றுக்குச் சட்டம் இருக்கிறது, கேமராவும் வருகிறது. மாடிப்படியிலிருந்து உருளும் பிள்ளைக்கு இரண்டும் வருவதில்லை. "கொஞ்சம் கண்ணு அசந்துட்டேன்" என்று தாயோ ஆயாவோ தலையில் அடித்துக்கொள்வதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. குற்றவாளி அவர்களல்ல. நடவுக்கும் களைக்கும் தாய் போய்விட, மூட்டுவலியோடு பேரனைப் பார்க்கும் ஆயாவால் எத்தனை முறை ஓடிப் பிடிக்க முடியும்? கட்டடத்தில் செய்யாமல் விட்ட வேலையை ஒரு கிழவியின் கண் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் புதிதாக எழும் காங்கிரீட் வீடுகளைப் பார்த்தால் இது புரியும். 'மேல்மாடி பிறகு கட்டிக்கொள்ளலாம்' என்று படியை மட்டும் எழுப்பி விடுகிறார்கள். பக்கச் சுவர் கிடையாது, கைப்பிடி கிடையாது, மொட்டை மாடிக்கும் அரைகுறைச் சுவர். சம்பா, தாளடி அறுத்த நிலத்தில் விளைந்த உளுந்தும் பயறும் காய்வது அந்த மாடியில்தான். அள்ளப் போகும் அம்மாவின் பின்னால் பிள்ளை தவழ்ந்து ஏறுகிறது. பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் கிட்டத்தட்ட கால்பங்கு தலை. அதனால்தான் சின்னப் பிள்ளைகள் விழும்போது தலை முந்துகிறது.

மாடிக் கைப்பிடிச் சுவர் குறைந்தது ஒரு மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. வெல்டிங் பட்டறையில் கிரில் அடிக்கும்போது கம்பிகள் செங்குத்தாக நிற்கட்டும், இடைவெளி நான்கு அங்குலத்தைத் தாண்டக் கூடாது. குறுக்குக் கம்பி என்றால் பிள்ளைக்கு அதுவே ஏணி. படியின் அடியிலும் உச்சியிலும் இடுப்பளவுக் கதவு, வெளிப்பக்கத் தாழ்ப்பாளோடு. ஆசாரிக்கு அரைநாள் வேலை.

வாடகை வீடென்றால்? 1970-களில் நியூயார்க் நகரம் இதே கேள்வியைச் சந்தித்தது. அடுக்குமாடி சன்னல்களிலிருந்து குழந்தைகள் விழுந்துகொண்டே இருந்தார்கள். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள வீடுகளில் சன்னல் தடுப்புப் போட வேண்டிய பொறுப்பை 1976-ல் வீட்டு உரிமையாளர் மீது சுமத்தினார்கள். விழுகைகள் பெருமளவு குறைந்தன. இங்கே அப்படியொரு சட்டம் இல்லாவிட்டாலும், முன்பணம் கொடுக்கும்முன் கைப்பிடி கேட்கலாம், ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லலாம்.

கைக்குழந்தைக்குப் பாயே நல்ல படுக்கை. குப்புற விழுந்ததும் கொழுக்கட்டை செய்து கொண்டாடும் வீடுகளில், அன்றிலிருந்து கட்டிலில் தனியே கிடத்துவதையும் நிறுத்திவிட வேண்டும். தூளியைத் தரைக்கு அருகே தொங்கவிட்டு, கீழே மெத்தை விரித்து, முடிச்சையும் கொக்கியையும் இழுத்துப் பார்க்க வேண்டும். பிள்ளை எழுந்து உட்காரத் தொடங்கினால் தூளியை அவிழ்த்துவிடலாம். உட்கார வைத்து உருளவிடும் சக்கர வாக்கரைக் கனடா 2004-ல் தடைசெய்தது. பிள்ளை நின்று தள்ளிப் பழகும் மர நடைவண்டி வேறு வகை. அதையும் படிப் பக்கம் விடக் கூடாது.

விழுந்த பிள்ளையை 'உரம் விழுந்திருக்கும்' என்று சேலையில் போட்டு உருட்டுவது ஆபத்து. கழுத்திலோ தலைக்குள்ளோ காயம் இருந்தால் அது மோசமாகும். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், வலிப்பு, காது மூக்கில் ரத்தமோ நீரோ, மண்டையில் மெத்தென்ற வீக்கம் — இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை உயரத்திலிருந்து விழுந்தால் அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவரிடம் காட்டுவதே சரி. 'இன்னுயிர் காப்போம்' திட்டம் சாலை விபத்துக்கானது. வீட்டில் விழுந்த பிள்ளைக்கு அரசு மருத்துவமனையும், தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையும்தான் துணை.

தெருவில் திறந்து கிடக்கும் கிணறோ, அங்கன்வாடியில் உடைந்த படியோ இருந்தால் ஊராட்சிச் செயலரிடம் எழுத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளலாம். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கூடும் கிராம சபையில் அதைத் தீர்மானமாகவே எழுதச் சொல்லலாம். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை தோறும் தஞ்சாவூர் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்கு அந்த ஒப்புகையோடு போகலாம்.