தண்ணி ஒட்டாத இன்சுலேட்டர்லயும் ஏன் பொறி பறக்குது?

போடிநாயக்கனூர்ல இருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறினா போடிமெட்டு. கீழே வெயில், மேலே ஏலத்தோட்டம், மூடுபனி. நல்ல மழையில நிக்கிற மின்கம்பிகூட சில சமயம் வெறும் பனிமூட்டத்துல டிரிப் ஆகிடும். இது எப்படின்னு இன்னைக்குச் சொல்றேன்.

முதல்ல பழைய பீங்கான் இன்சுலேட்டரை எடுத்துக்குவோம். அதுமேல தூசியும் உப்பும் படியும். பலத்த மழை அதைக் கழுவி விட்டுடும். பனி கழுவாது, நனைக்க மட்டும் செய்யும். உப்பு கரைஞ்சு, ஈரம் ஒரே படலமா பரவி, அது வழியா கசிவு மின்னோட்டம் ஓடும். அந்தச் சூட்டுல சில இடம் காய்ஞ்சு வளையமா நிக்கும். மொத்த மின்னழுத்தமும் அந்தக் காய்ஞ்ச வளையத்து மேலயே விழும். அங்கே பொறி தாவும். பொறிகள் நீண்டு ஒண்ணு சேர்ந்தா, கம்பியிலிருந்து கம்பம் வரைக்கும் தீப்பாதை. இதைத்தான் பிளாஷ்ஓவர்னு சொல்றோம்.

இதுக்கு மாற்றா வந்தது சிலிக்கான் ரப்பர் இன்சுலேட்டர். சேப்பங்கிழங்கு இலை மாதிரி இதுலயும் தண்ணி முத்து முத்தா நிக்கும், படலமாகாது. இன்னொரு விசேஷம், உள்ளே இருக்கிற லேசான சிலிக்கான் மூலக்கூறுகள் மெல்ல வெளியே கசிஞ்சு, மேலே படிஞ்ச அழுக்கையும் தண்ணி ஒட்டாததா மாத்திடும். வட இந்தியாவுல குளிர்காலப் பனியில லைன்கள் அடிக்கடி விழுந்ததால, பல இடங்கள்ல பீங்கானை எடுத்துட்டு இதை மாட்டினாங்க.

அப்போ பிரச்சினை தீர்ந்துச்சா? முழுசா இல்லை. தண்ணித் துளியோட ஓரத்துல மின்புலம் குவியும். துளி நீளமா இழுபடும். பக்கத்துத் துளிக்கு நடுவுல கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன மின்கசிவு உண்டாகும். அது ரப்பரோட மேற்பரப்பைக் கெடுத்து, தண்ணியை விலக்குற குணத்தைக் குறைக்கும். துளிகள் கைகோர்த்தா மறுபடியும் பழைய கதைதான்.

காய்ஞ்ச நிலையில கொஞ்ச நேரம் ஓய்வு கிடைச்சா, உள்ளேயிருந்து சிலிக்கான் வந்து குணம் திரும்பிடும். சில மணி நேரமோ சில நாளோ ஆகும். ஆனா நாள் கணக்கா பனி விலகாத மலைச்சரிவுல அந்த ஓய்வு எங்கே கிடைக்கும்? ஈரமான இடத்துல பாசியும் படரும். அதனால ரப்பர் மாட்டிட்டோம்னு விட்டுட முடியாது. தண்ணி தெளிச்சு, துளி நிக்கிற விதத்தைப் பார்த்து 1 முதல் 7 வரை தரம் பிரிக்கிற முறை இருக்கு. 1 நல்லா விலக்குது, 7 முழுசா நனையுது.

நமக்கு என்ன? ஏலக்காய் பறிச்ச கையோட உலர்த்தணும். மோட்டார் நின்னா காயோட நிறம் போகும், ஏலத்துல விலை போகும். அதைவிட முக்கியம் உயிர். பனியில கம்பத்துல 'ஸ்ஸ்'னு சத்தமோ நீல வெளிச்சமோ தெரிஞ்சா கிட்டப் போகாதீங்க, ஸ்டே கம்பியைத் தொடாதீங்க. கம்பத்து நம்பரைக் குறிச்சு மின்வாரியத்துக்குச் சொல்லுங்க. தமிழ்நாட்டுப் பக்கம்னா மின்னகம் எண் 94987 94987.