மியூசியத்தில் காய்ந்து போன மும்பை படகு! மீட்டு வந்து மறுபடி கடலில் விட்ட மாலுமி

லண்டன்: உலகத்தையே ஒரு சுற்று சுற்றி வந்த பாய்மரப் படகு அது. புயலில் சாய்ந்து எழுந்தது, 10 மாதம் கடல் தண்ணியில் அடி வாங்கியது. அப்போதெல்லாம் தாக்குப்பிடித்த படகு, பத்திரமாக இருக்கட்டும் என்று ஒரு கட்டிடத்துக்குள் நிறுத்தி வைத்ததும் சாகக் கிடந்தது. பலகைகள் சுருங்கி, இடுக்கு விட ஆரம்பித்து விட்டது.

படகின் பெயர் 'சுஹைலி'. நம் நாட்டு தச்சர்கள் மும்பையில் கட்டியது. சொந்தக்காரர் இங்கிலாந்து மாலுமி ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன். படகு கெட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு மனுஷன் சும்மா இருப்பாரா? திரும்ப எடுத்து வந்து விட்டார். அதற்குப் பிறகு நடந்த வேலைதான் பெரிய கதை.

வாச்சியால் செதுக்கிய தேக்கு

1960-களில் நாக்ஸ் ஜான்ஸ்டன், இந்தியாவுக்கும் வளைகுடாவுக்கும் இடையே ஓடிய சரக்கு, பயணிகள் கப்பலில் அதிகாரியாக வேலை பார்த்தார். சொந்தமாக ஒரு படகு வேண்டும் என்ற ஆசையில் மும்பையிலேயே கட்டச் சொன்னார். நீளம் 32 அடி. மரம், இந்திய தேக்கு. தச்சர்கள் வாச்சியால் செதுக்கி, கைத்துரப்பணத்தால் துளை போட்டு கட்டினார்கள். வளைகுடா பக்கம் அரபு மாலுமிகள் தென்கிழக்கு காற்றுக்கு சொல்லும் பெயர்தான் சுஹைலி.

அந்தப் படகிலேயே ஆப்பிரிக்காவைச் சுற்றி ஊர் போய்ச் சேர்ந்தார். 1968-ல் ஒரு போட்டி அறிவித்தார்கள். தனி ஆளாக, எங்கேயும் கரையில் நிற்காமல் உலகத்தைச் சுற்றி வர வேண்டும். மொத்தம் 9 பேர் கிளம்பினார்கள். திரும்பி வந்து முடித்தது ஒரே ஒருவர்... இந்த மும்பை படகில் போனவர்தான்!

1968 ஜூன் 14-ந்தேதி இங்கிலாந்தின் பால்மவுத் துறைமுகத்தில் கிளம்பியவர், 1969 ஏப்ரல் 22-ந்தேதி அதே இடத்துக்கு வந்தார். 312 நாள். சுங்க அதிகாரிகள் படகில் ஏறி, எங்கிருந்து வருகிறீர்கள் என்று வழக்கம்போல கேட்க, 'பால்மவுத்' என்று பதில் சொன்னாராம்!

வழியில் படகு ஒழுக ஆரம்பித்தபோது அவரே கடலில் குதித்து, தண்ணிக்கு அடியில் இடுக்கில் பஞ்சு அடைத்தார். சுற்றி வந்த சுறாவை துப்பாக்கியால் சுட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார். பரிசாக கிடைத்த 5 ஆயிரம் பவுண்டை, போட்டியில் இறந்து போன ஒரு போட்டியாளரின் குடும்பத்துக்கு கொடுத்து விட்டார்.

மரியாதை செய்யப்போய் வந்த வினை

இப்படிப்பட்ட படகுக்கு மரியாதை செய்ய வேண்டாமா? 1997-ல் லண்டன் கிரீன்விச்சில் உள்ள தேசிய கடல்சார் அருங்காட்சியகத்தில் கொண்டு போய் வைத்தார்கள். அங்கேதான் சிக்கல்.

அருங்காட்சியகத்தில் பொருள்கள் கெடாமல் இருக்க காற்றின் ஈரத்தை கட்டுப்படுத்துவார்கள். பழைய சட்டைக்கும் காகிதத்துக்கும் அது நல்லது. மரப்படகுக்கு அதுவே எமன்.

நம்மூர் மாட்டு வண்டி சக்கரத்தை நினைத்துப் பாருங்கள். கோடை வெயிலில் மரம் காய்ந்து சுருங்கினால் இரும்பு பட்டா லூசாகி கழன்று விடும். அதனால்தான் வண்டிக்காரர்கள் சக்கரத்தை குளத்து தண்ணியில் ஊறப் போடுவார்கள். மரம் ஊறி உப்பினால் பட்டா கிண்ணென்று பிடித்துக்கொள்ளும். மரப்படகும் இதே கணக்குதான். தண்ணியில் கிடக்கும் வரைக்கும் பலகைகள் உப்பி, ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். காய விட்டால் சுருங்கும். இடுக்கு திறக்கும். அப்படியே கொண்டு போய் கடலில் விட்டால் சல்லடையில் தண்ணி ஊற்றிய கதைதான்.

இப்படியே விட்டால் படகு செத்துவிடும் என்று 2002-ல் சுஹைலியை வெளியே எடுத்து விட்டார் நாக்ஸ் ஜான்ஸ்டன்.

துரு பிடித்த ஆணிகள்

பழைய படகை பழுது பார்ப்பது என்றால் பெயிண்ட் அடிப்பது இல்லை. முதல் எதிரி, கண்ணுக்குத் தெரியாத ஆணி.

சுஹைலியின் பலகைகளைப் பிடித்திருந்தது இரும்பு ஆணிகள். தேக்கு மரத்தில் எண்ணெய் பசை உண்டு, சீக்கிரம் உளுக்காது. ஆனால், உப்புத் தண்ணியில் இரும்பு துரு பிடிக்கும். துரு ஏற ஏற ஆணி பருத்து சுற்றியுள்ள மரத்தைக் கெடுக்கும். வெளியே பலகை பளபளவென்று இருக்கும், உள்ளே பிடிமானமே இருக்காது. அந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, துரு பிடிக்காத வெண்கலத்தில் மாற்றினார்கள். சாமி சிலை செய்யும் அதே இனத்து உலோகம்தான்.

ஒரு பலகை முழுக்க ஒரே நாளில் கழற்றவும் முடியாது. எல்லாவற்றையும் கழற்றினால் படகின் வளைவே மாறிப் போகும். கொஞ்சம் கழற்றி, கொஞ்சம் பூட்டி என்றுதான் போக வேண்டும். அதனால்தான் இந்த வேலை வருடக்கணக்கில் இழுக்கும்.

அடுத்தது, இடுக்கு அடைக்கும் வேலை. நம் கடற்கரை ஓடாவிகள் இதை 'கலப்பத்து' என்பார்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே திரித்த பஞ்சை வைத்து, உளியாலும் கொட்டாப்புளியாலும் தட்டித் தட்டி இறுக்குவது. மேலே மக்கு பூசுவார்கள். குறைவாக அடித்தால் ஒழுகும். அதிகமாக அடித்தாலோ, மரம் உப்பும்போது பலகையே பிதுங்கி விடும். கைப்பழக்கம் இருந்தால்தான் அளவு தெரியும்.

படகை கடலில் இறக்கிய முதல் சில நாட்கள் தண்ணி கசியத்தான் செய்யும். பம்ப் வைத்து இறைத்துக்கொண்டே இருந்தால், மரம் ஊறி தானாக அடைத்துக்கொள்ளும்.

77 வயதில் ஜெயித்தார்

நிறைய வேலைகளை நாக்ஸ் ஜான்ஸ்டனே தன் கையால் செய்தார். நடுவில் 2007-ல், 68 வயதில், வேறு படகில் மறுபடியும் உலகத்தை தனியாக சுற்றி வந்தார் என்பது தனிக்கதை. 2016-ல் சுஹைலி திரும்ப கடலில் இறங்கியது. அப்போது அவருக்கு வயது 77. உலகம் சுற்ற கிளம்பிய 50-வது வருட விழா 2018 ஜூன் 14-ந்தேதி பால்மவுத்தில் நடந்தபோது, சுஹைலியும் அங்கே பாய் விரித்து நின்றது.

சுஹைலி மாதிரியே இன்னொரு படகு கோவாவில் கட்டினார்கள். அதுதான் 'துரியா'. இந்திய கடற்படை வீரர் அபிலாஷ் டோமி 2018 போட்டிக்கு கொண்டு போனது. இந்தியப் பெருங்கடலில் புயலில் சிக்கி பாய்மரம் ஒடிந்து, முதுகில் அடிபட்ட அவரை மீட்டு வந்தது நினைவிருக்கும்.

ஒரு பவுண்டுக்கு ஒரு படகு

கிரீன்விச்சிலேயே இன்னொரு படகுக்கும் இதே கதி. 1967-ல் சிட்னியில் மட்டும் நின்று தனியாக உலகம் சுற்றிய பிரான்சிஸ் சிசெஸ்டரின் 'ஜிப்சி மாத்-4'. தண்ணி இல்லாத தொட்டியில் பல வருடம் நிறுத்தி வைத்து பாழாய் போனது. வெறும் ஒரு பவுண்டுக்கும் ஒரு கிளாஸ் ஜின்னுக்கும் கைமாறியது! 2005-ல் பழுது பார்த்து, திரும்பவும் உலகத்தைச் சுற்ற அனுப்பினார்கள்.

ஒரு பவுண்டுக்கு கிடைத்தாலும் லாபம் என்று நினைத்து விட வேண்டாம். பழைய மரப்படகில் வாங்குகிற காசு சின்னது, ஆணிக்கும் கூலிக்கும் ஆகிற காசுதான் பெரியது. அதற்குப் பிறகும் அவ்வப்போது கரையேற்றி, சுரண்டி, பெயிண்ட் அடித்து, இடுக்கு பார்த்தாக வேண்டும்.

படகை கரையேற்றுவதே வேலை பார்க்கத்தான். வேலை முடிந்ததும் அது தண்ணிக்குத்தான் போக வேண்டும். சுஹைலியை காப்பாற்றியது அதுதான்.