‘சூன்’னா எப்போ பாஸ்?

“அசைன்மென்ட் எங்கேப்பா?”

“சூன் சார்!”

இந்தப் பதிலைச் சொல்லாம டிகிரி வாங்கினவங்க யாராவது உண்டா? சொல்ற உங்களுக்கும் தெரியும், கேட்கிற புரொபசருக்கும் தெரியும்... அந்த ‘சூன்’ இன்னிக்கு இல்லைன்னு!

ஆனா, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இங்கிலாந்துல இதே பதிலைச் சொல்லியிருந்தீங்கன்னா, அந்த நிமிஷமே நோட்டை நீட்டியிருக்கணும். பழைய ஆங்கிலத்தில் ‘சோனா’ என்று இருந்த இந்த வார்த்தைக்கு அர்த்தம், ‘உடனே’! சொன்னவங்க லேட்டாவே வந்ததால, அர்த்தமும் ‘கொஞ்ச நேரத்துல’ என்று இறங்கிப்போச்சு.

‘அனான்’ என்ற வார்த்தைக்கும் இதே கதிதான். அதுக்கும் முதலில் ‘உடனே’ என்றுதான் அர்த்தம். ஷேக்ஸ்பியரின் ‘நான்காம் ஹென்றி’ முதல் பாகத்தில், மதுக்கடை சர்வர் பையன் ஒருத்தன் வருவான். யார் எங்கிருந்து கூப்பிட்டாலும் ‘அனான்’ என்பான். ஆனால், நின்ற இடத்தை விட்டு நகரமாட்டான். நம்ம ஊர் ஹோட்டல்ல “இதோ வந்துட்டேன் சார்!” கேட்டிருப்பீங்களே... அதேதான்!

அடுத்து ‘பிரசன்ட்லி’. 1611-ல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளில், அத்திமரம் ‘பிரசன்ட்லி’ பட்டுப்போனதாக வருகிறது. அதாவது, அப்பவே! இன்னிக்கு ஒரு இங்கிலாந்துக்காரர் ‘பிரசன்ட்லி வர்றேன்’னு சொன்னா, நீங்க ஒரு டீ குடிச்சிட்டு வந்துடலாம்.

தள்ளிப்போடுறதுக்கு ‘புரோகிராஸ்டினேட்’ என்ற வார்த்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதுக்குள்ளே இருக்கும் ‘க்ராஸ்’ என்பது லத்தீனில் ‘நாளை’. இதுக்கே பெரிய அண்ணன் ஒருத்தர் இருக்கார்... ‘பெரென்டினேட்’. அர்த்தம், நாளை மறுநாளுக்குத் தள்ளிப்போடுறது! நாளை மறுநாளைச் சொல்லவே ஆங்கிலத்தில் ‘ஓவர்மாரோ’ என்று ஒற்றை வார்த்தை இருந்தது. 1535-ல் வந்த கவர்டேல் பைபிளில்கூட அது உண்டு. அப்புறம் வழக்கொழிந்து போச்சு. வார்த்தை போனாலும் பழக்கம் போகலை!

“ஒரே மொமன்ட்” என்கிறோமே... அதுக்கும் முன்பு கணக்கு இருந்தது. இடைக்கால ஐரோப்பாவில் ஒரு மணி நேரத்தை 40 பங்காகப் பிரித்தால் கிடைப்பது ஒரு ‘மொமன்ட்’. நம்ம கணக்கில் சுமார் 90 விநாடி. உங்க ஹாஸ்டல் பாத்ரூம்ல அந்த ஒரு ‘மொமன்ட்’ எவ்வளவு நேரம்னு க்யூவுல நிற்கிறவங்களைக் கேளுங்க!

சரி, உங்க வயித்துல புளியைக் கரைக்கும் வார்த்தைக்கு வருவோம். ‘செமஸ்டர்’! லத்தீனில் ‘செக்ஸ்’ என்றால் ஆறு, ‘மென்சிஸ்’ என்றால் மாதம். ஆக, ஆறு மாதம். ஸ்டடி லீவுல மட்டும் புத்தகத்தைத் திறக்கிறவங்களுக்கு அது ஆறு நாள்!

மோசமான வருஷத்துக்கு ‘ஆனஸ் ஹொரிபிலிஸ்’ என்று பேர். பிள்ளைகளின் மணவாழ்க்கை முறிவு, விண்ட்சர் கோட்டையில் தீ என்று வரிசையாக அடிவாங்கிய 1992-ஐ, ராணி இரண்டாம் எலிசபெத் அப்படித்தான் குறிப்பிட்டார். எக்கச்சக்கமா அரியர் விழுந்த வருஷத்துக்கு நீங்களும் தாராளமா வெச்சுக்கலாம்.

அதுக்கு நேர் எதிர், ‘ஆனஸ் மிராபிலிஸ்’. அற்புத ஆண்டு! ஐன்ஸ்டைனுக்கு அது 1905. வயசு 26. கையில் பேராசிரியர் வேலை இல்லை. பெர்ன் நகர பேடன்ட் ஆபீஸில் உத்தியோகம், வீட்டில் கைக்குழந்தை. அதுக்கு நடுவுலதான் இயற்பியலையே புரட்டிப்போட்ட நாலு கட்டுரைகளை எழுதினார். முதல் கட்டுரையை அனுப்பியது மார்ச்சில், நாலாவதை அனுப்பியது செப்டம்பரில்.

மார்ச் டு செப்டம்பர்... எண்ணிப் பாருங்க. ஆறு மாசம் சொச்சம். ஒரே ஒரு செமஸ்டர்!

நீங்க ஐன்ஸ்டைன் ஆகணும்னு யாரும் கேட்கலை பாஸ். புரொபசர் கேட்கிறது அந்த அசைன்மென்டைத்தான். அடுத்த தடவை கேட்டா, தைரியமா “சூன் சார்!” சொல்லுங்க. ஆனா, அந்த ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய அர்த்தத்துல!