எல்லை கடக்கும் ஊதியமும் வருமான வரியும்

துறைமுகத்தில் வந்திறங்கும் பண்டங்களுக்குப் பெற்ற வரியைப் பழந்தமிழர் உல்கு என்றனர். சுங்கம் என்பதும் அதுவே. அதனை நீக்கியமையால் முதற் குலோத்துங்கன் 'சுங்கந்தவிர்த்த சோழன்' எனப் பெயர் பெற்றான். பண்டம் எல்லை கடந்தால் வரி என்னும் வழக்கு இவ்வாறு மிகப் பழையது. ஆனால் உழைப்பவர் ஒருவர் எல்லை கடந்து சென்று, ஊதியம் ஈட்டி, மாலையில் வீடு திரும்புவாராயின், அவ்வூதியத்தின்மீது வரி பெறும் உரிமை எந்த அரசுக்கு உண்டு? உழைத்த இடத்து அரசுக்கா, குடியிருக்கும் இடத்து அரசுக்கா?

செராஸ் வட்டாரத்தை நோக்குவோம். அதன் ஒரு பகுதி கோலாலம்பூரைச் சேர்ந்தது. ஒன்பதாம் கட்டைப் பக்கம் சிலாங்கூரின் உலு லங்காட் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1974 பிப்ரவரி 1-இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம் ஆயிற்று. அன்று முதல், ஒன்பதாம் கட்டையில் குடியிருந்து நகரில் வேலை பார்ப்பவர் நாள்தோறும் இருமுறை மாநில எல்லையைக் கடக்கின்றார். ஆயினும் அவர் ஊதியத்தில் சிலாங்கூர் அரசு பங்கு கேட்பதில்லை. வருமான வரி கூட்டரசுக்கே உரியது என்பது நம் அரசமைப்புச் சட்டத்தின் முடிவு. மாநிலங்களுக்கு நிலம், சுரங்கம், காடு, கேளிக்கை வரி முதலியவற்றின் வருவாய் உண்டு. (அப்பட்டியலில் முதலாவதாக நிற்பது கள்ளுக்கடை வருவாய் என்பதைத் தோட்டப்புறத்தார் பலர் அறியார்!)

இந்த ஒருமை தொடக்கத்திலேயே அமைந்ததன்று. மலாயாவில் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1948 முதல் வருமான வரி நடைமுறைக்கு வந்தது. சபாவுக்கு 1956-லும் சரவாக்குக்கு 1960-லும் தனிச் சட்டங்கள் பிறந்தன. 1963-இல் மலேசியா அமைந்த பின்னும் இவை தனித்தனியே இயங்கின. 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமே இவற்றை ஒன்றாக்கியது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே நடுவண் அரசோடு பெரும்பாலான மாநிலங்களும் வருமான வரி பெறுகின்றன. நியூ ஜெர்சியில் குடியிருந்து நியூயார்க்கில் வேலை செய்பவர் இரண்டுக்கும் கணக்குக் காட்டவேண்டும். நியூயார்க்கில் கட்டிய வரியை நியூ ஜெர்சி தன் வரியில் கழித்துக் கொடுக்கும். மேரிலாந்து மாநிலமோ, தன் குடிமக்கள் வெளியே ஈட்டிய வருமானத்தில் வட்டாரங்களுக்குரிய பங்கைக் கழிக்க மறுத்தது. 2015-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. நீதிபதிகள் ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமும் நின்றனர் என்பதிலிருந்தே வழக்கின் சிக்கல் புலனாகும்.

நமக்கு இச்சிக்கல் எழுவது மாநில எல்லையில் அன்று, ஜொகூர் கடற்பாலத்தில். சிங்கப்பூரில் வேலை செய்து பெறும் ஊதியத்துக்கு அந்நாடே வரி விதிக்கும். உழைத்த இடமே முதல் உரிமையுடையது. இரு நாடுகளுக்கிடையே உள்ள இரட்டை வரித் தவிர்ப்பு உடன்பாட்டின் அடிப்படையும் இதுவே. அவ்வூதியத்தை மலேசியாவுக்குக் கொண்டுவருங்கால் இங்கும் வரி உண்டா? 2004 முதல் இல்லை என்றிருந்தது. 2022 ஜனவரி 1 முதல் அப்பொது விலக்கு நீக்கப்பட்டது. எனினும் தனிமனிதருக்கு மட்டும் 2026 இறுதிவரை விலக்களித்து, பின்னர் அதனை 2036 டிசம்பர் 31 வரை நீட்டித்தனர். ஈட்டிய நாட்டின் வரிச் சட்டத்துக்கு அவ்வருமானம் உட்பட்டிருத்தல் வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே இது காலவரையறை உடைய சலுகை, நிலையான உரிமையன்று.

இனி, பலர் தடுமாறும் இடத்துக்கு வருவோம். செராஸில் தன் வீட்டு மேசையில் அமர்ந்து, கணினி வழியே சிங்கப்பூர் நிறுவனமொன்றுக்கு வேலை செய்யும் இளைஞர் இன்று உளர். ஊதியம் சிங்கப்பூர் வெள்ளியில் வருகின்றது. ஆதலின் அது வெளிநாட்டு வருமானம், வரியில்லை என்று அவரும் அவர்தம் பெற்றோரும் எண்ணிவிடுகின்றனர். சட்டம் அவ்வாறு கருதவில்லை. பணம் எங்கிருந்து வருகின்றது என்பதன்று கேள்வி. வேலை எங்கே நடக்கின்றது என்பதே. மலேசியாவில் அமர்ந்து செய்த வேலைக்குரிய ஊதியம் மலேசியாவில் பிறந்த வருமானமே. மேற்சொன்ன விலக்கு அதற்குப் பொருந்தாது.

உள்ளூர் முதலாளியாயின் மாதந்தோறும் வரியைப் பிடித்துக் கட்டிவிடுவார். வெளிநாட்டு முதலாளி அவ்வாறு பிடிக்காதபோது, அவ்விளைஞரே வருமான வரி வாரியத்தில் பதிந்து, அடுத்த ஆண்டு ஏப்ரல் 30-க்குள் கணக்குச் செலுத்துதல் வேண்டும். தக்க காரணமின்றித் தவறினால் 200 முதல் 20,000 வெள்ளி வரை தண்டமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. வாரத்தில் இரு நாள் சிங்கப்பூர் அலுவலகத்துக்குச் சென்று, எஞ்சிய நாட்களில் வீட்டில் வேலை செய்பவருக்குக் கணக்கு இன்னும் நுணுக்கமானது. எந்த நாள் எங்கே வேலை செய்தார் என்பதைக் குறித்து வைத்தல் அவர் கடமை. கடப்பிதழ்ப் பதிவுகளையும், சிங்கப்பூரில் வரி கட்டியதற்கான மதிப்பீட்டுக் கடிதத்தையும் ஏழு ஆண்டுகள் காத்து வைத்திருப்பாராயின், வாரியம் கேட்கும்போது காட்ட அவை உதவும்.