தாம்பரத்துப் பிள்ளைக்கு வயலின் யார் தருவார்?

தாம்பரத்தில் பிள்ளைக்கு இசை கற்றுக்கொடுக்க வசதி இருக்கிறதா என்று கேட்டால், காசு இருந்தால் இருக்கிறது என்பதுதான் பதில். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், குரோம்பேட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு மாடியில் ‘கீபோர்டு கிளாஸ்’ போர்டு தொங்குகிறது. நங்கநல்லூரில் பாட்டு டீச்சர்களுக்குப் பஞ்சமில்லை. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு பரீட்சைக்குப் பணம் கட்டி எழுதும் பிள்ளைகளும் உண்டு. அதே தெருவிலிருந்து அரசுப் பள்ளிக்குப் போகும் பிள்ளையோ, ஒரு வயலினைக் கையால் தொட்டுக்கூடப் பார்க்காமல் பத்தாம் வகுப்பை முடித்துவிடலாம்.

2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியது. வாசித்தது ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு. தமிழ்நாடே மகிழ்ந்தது, அரசு விழா எடுத்துப் பாராட்டியது. மகிழ வேண்டிய விஷயம்தான். ஆனால், பண்ணைப்புரத்தில் பிறந்து சென்னையில் இசையமைத்தவரின் சிம்பொனியை வாசிக்க ஏன் லண்டன் போக வேண்டியிருந்தது என்ற கேள்வி அந்த ஆரவாரத்தில் அமுங்கிப்போனது. 1946இல் தாமஸ் பீச்சம் தொடங்கிய அந்தக் குழுவுக்கு, இங்கிலாந்தின் கலை மன்றம் வழியாக மக்களின் வரிப்பணம் போகிறது. ஒரு இசைக்குழு டிக்கெட் வசூலை மட்டும் நம்பி ஆண்டு முழுவதும் சம்பளம் கொடுக்க முடியாது என்பதை அங்கே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

நம் நாட்டிலும் அரசு இதை யோசிக்காமல் இல்லை. 1952இல் டெல்லி அகில இந்திய வானொலியில் ‘வாத்திய விருந்தா’ என்ற தேசிய இசைக்குழு உருவானது. ரவிசங்கர் அதற்கு இசையமைத்து நடத்தினார்; கர்நாடக இசைப் பக்கத்தைக் கவனித்துக்கொண்டவர் டி.கே. ஜெயராம ஐயர். சென்னை நிலையத்துக்கும் அப்படி ஒரு குழு வாய்த்தது. மாதச் சம்பளம் வாங்கும் நிலைய வித்துவான்கள், வீணையும் குழலும் வயலினும் சேர்ந்து ஒலிக்கும் புது வகை இசையை வீடுகளுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு என்ன ஆயிற்று? ஓய்வுபெற்றவர்களின் இடங்களை நிரப்பாமலே காலம் போனது. யாரும் இழுத்து மூடவில்லை, அறிவிப்பும் இல்லை. அந்தக் குழு தானாகத் தேய்ந்தது. அரசு ஒரு கலையைக் கைவிடுவதிலேயே மோசமான முறை இதுதான் என்பேன். மூடினால் போராடவாவது ஆள் வரும்.

இன்று சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா என்ற பெயரில் மும்பையில் இயங்குவது 2006இல் என்.சி.பி.ஏ. என்ற கலை மையம் தொடங்கியது, அரசு தொடங்கியதல்ல. கஜகஸ்தான் வயலின் கலைஞர் மராட் பிசெங்காலியேவ் துணையோடு எழுந்த அந்தக் குழுவில், வாத்தியக்காரர்களையும் பெருமளவு வெளிநாட்டிலிருந்தே தருவிக்க வேண்டியிருந்தது. பள்ளியில் பயிற்சி பெற்ற பிள்ளைகள் இல்லாத நாட்டில் வேறென்ன செய்வார்கள்?

ஆகவே பிரச்சினையின் வேர் பள்ளியில் இருக்கிறது. 2012இல் தமிழ்நாடு அரசு, அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. உடற்கல்வி, ஓவியம், தையல், கணினி என்ற பட்டியலில் இசையும் ஒன்று. வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம். சிறுகச் சிறுக உயர்ந்து 12,500 ரூபாய் ஆவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. மே மாதச் சம்பளம் கிடையாது என்பது அவர்களின் நெடுநாள் மனக்குறையாக இருந்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடாத ஆண்டு இல்லை. தாம்பரத்தில் வீட்டு வாடகை என்னவென்று தெரிந்தவர்களுக்கு இந்தச் சம்பளத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ஹார்மோனியமோ சுருதிப்பெட்டியோ பள்ளியில் இல்லாவிட்டால் அதையும் இசை ஆசிரியரேதான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பள்ளிக் கல்வித் துறை ஆண்டுதோறும் நடத்தும் ‘கலைத் திருவிழா’ நல்ல முயற்சி. ஆனால், ஆண்டு முழுக்கக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லாத பள்ளிக்குப் போட்டி மட்டும் எப்படிப் போதும்?

பள்ளிக்கு வெளியே அரசு செய்த உருப்படியான ஏற்பாடு மாவட்ட அரசு இசைப்பள்ளிகள். 12 முதல் 25 வயது வரை உள்ளவர்கள் மூன்றாண்டு படிக்கலாம். குரலிசை, வயலின், மிருதங்கம், நாகசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம் என்று பாடங்கள். நாகசுரமும் தவிலும் படிக்க எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். மாதம் 400 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. சிறிய தொகைதான், ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு பஸ் செலவுக்காவது ஆகும். பழைய காஞ்சிபுரம் மாவட்டத்துக்கான பள்ளி இருப்பது காஞ்சிபுரத்தில். தாம்பரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது, 2021இல் தாம்பரம் மாநகராட்சியானது. மாநகராட்சிக்கு மேயர் வந்ததுபோல் ஓர் இசைப்பள்ளியும் வர வேண்டாமா?

வந்தால் சொல்லித்தர ஆளில்லை என்று சொல்ல முடியாது. கிழக்குத் தாம்பரத்தில் சென்னை கிறித்தவக் கல்லூரி 1937 முதல் இருக்கிறது. புறநகர் முழுக்க தேவாலயப் பாடகர் குழுக்கள் இருக்கின்றன. நான்கு குரல்களைச் சேர்த்துப் பாடும் பயிற்சி உள்ளவர்கள் அவர்கள். பரங்கிமலை ராணுவப் பயிற்சி மையத்தின் அணிவகுப்பில் வாசிக்கும் பேண்டு வாத்தியம் இந்தப் பக்கத்துக்காரர்களின் காதுக்குப் பழக்கமானது. கடற்கரை மின்சார ரயில் ஏறினால் வருகிற கோடம்பாக்கத்தில், ஒரு காலத்தில் ஐம்பது அறுபது வயலின்கள் ஒன்றாக ஒலித்த ஒலிப்பதிவுக் கூடங்கள் இருந்தன. கம்ப்யூட்டர் வந்த பிறகு அந்தக் கலைஞர்களின் வேலை சுருங்கியது. நோட்டேஷனைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் அந்தத் தலைமுறை வயதாகி மறைவதற்குள் அவர்களை ஆசிரியர்களாக அமர்த்துவது அரசு இன்றே செய்யக்கூடிய காரியம். ஏ.ஆர். ரகுமானின் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கற்றுக்கொடுத்து, இது நடக்கும் என்று காட்டியிருக்கிறது. தனி மனிதர் ஒருவர் செய்ததை மாநிலம் செய்ய முடியாதா?

வெனிசுவேலாவில் 1975இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு தொடங்கிய ‘எல் சிஸ்தேமா’வைக் கவனிக்க வேண்டும். குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்கு அரசுப் பணத்தில் வாத்தியம் கொடுத்து, முதல் நாளிலிருந்தே குழுவாக உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தார்கள். கலாசாரத் துறையின் கீழ் வைக்காமல் சமூக நலத் துறையின் கீழ் வைக்க வேண்டும் என்று அப்ரேயு பிடிவாதமாக இருந்தார். நாட்டின் பொருளாதாரம் சரிந்தபோது அந்த அமைப்பும் ஆட்டம் கண்டது உண்மை. ஆனாலும் அங்கிருந்து வந்த குஸ்தாவோ துதாமெல் 2009இல் லாஸ் ஏஞ்சலிஸ் பில்ஹார்மோனிக்கின் தலைமை ஏற்றார். நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் சிங்கப்பூர். அங்கே அரசின் மக்கள் கழகம் 1985இல் இந்திய இசைக்குழு ஒன்றை அமைத்தது. அங்குள்ள தமிழர்களுக்கு அரசு இசைக்குழு உண்டு, இங்கே இல்லை.

தமிழ்நாட்டுக்கு ஒரு மாநில இசைக்குழு வேண்டும். அதில் வயலினோடு நாகசுரமும் வீணையும் பறையும் உட்கார வேண்டும். நிரந்தரச் சம்பளம் வேண்டும். அதற்கு முன்னால், பகுதிநேர இசை ஆசிரியர்களை நிரந்தரமாக்கி, பள்ளிக்குப் பள்ளி இரவல் கொடுக்கப் பத்து வயலினாவது வாங்கி வைக்க வேண்டும். தாம்பரத்துப் பெற்றோர்களே, உங்கள் பிள்ளை படிக்கும் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அடுத்த கூட்டத்தில் இசை ஆசிரியர் பணியிடம் கேட்டு ஒரு தீர்மானம் போடுங்கள். தீர்மான நகலைக் கவுன்சிலரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் கொண்டுபோய்க் கொடுங்கள்.